முதல் இடத்துக்கு வந்த பாட்டு

பெபி அப்பாவுக்கு ஸ்தோத்திரம்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வீட்டில் இருந்தவர்கள் நான், அத்தை, பெபி, பக்கத்து மணவூர்ச் சபைக்குப் புதிதாக வந்த போதகர், அவர் மனைவி. இவ்வளவு பேர்தான். டிரெண்டிங்கில் முதல் இடத்துக்கு வந்திருக்கிற உங்கள் கிராமியப் பாட்டைக் கேட்டுவிட்டு, மனைவியை இழந்தவர் வீட்டில் ஆறுதல் ஜெபம் செய்ய வந்திருந்தார்கள்.

நான் டீ கொண்டுபோனேன். போதகர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தப் பொண்ணு போனப்புறம் நீதான் வந்து சமைச்சுக் குடுக்கிறியாமா?" என்று கேட்டார். அத்தை விடுவார்களா? "ஆங், செத்தவ இவதாங்க. டீ குடுத்துகினு நிக்கிறா பாருங்க!"

பெபி சிரித்துவிட்டாள். அப்புறம் உங்கள் பேட்டியைப் போட்டுக் காட்டினாள். "இது உங்க சொந்தக் கதையா சார்?" என்று கேட்கிறார்கள். நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டுகிறீர்கள்.

பாட்டு நன்றாகத்தான் இருக்கிறது. செத்துப்போனவளுடைய செருப்பை வாசலிலேயே விட்டு வைத்திருக்கிற இடத்தில் நானும் அழுதேன். பாட்டில் யாரும் சாகலாம். நீங்கள் தலையாட்டியதைத்தான் என்னால் ஜெபத்தில்கூடச் சொல்ல முடியவில்லை.

அவர்கள் சபையில் உங்கள் துக்கத்துக்காக வாராவாரம் ஜெபிக்கிறார்களாம். "வர்ற ஞாயிறு என்னமா சொல்லட்டும்?" என்று போதகர் தயங்கித் தயங்கிக் கேட்டார். பாடினவரையே கேட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். நான் இருக்கிறேன் என்று நானே போய்ச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

சனிக்கிழமைக்குள் பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி