நூற்றுக்கு எழுபத்திரண்டு பேர்

ஜூலை 3, வியாழன்
எங்கள் கல்லூரி நூலகத் துறை நடத்தும் 'தகவல் எழுத்தறிவு' வகுப்பில் சேர்ந்தேன். ஆசையெல்லாம் இல்லை. வியாழன் மதியம் எனக்கு வேறு வகுப்பு கிடையாது, அங்கே ஏ.சி. உண்டு. எதைப் படித்தாலும் கேள்வி மூன்றுதான் என்றார் நூலகர் மேடம். "யார் சொன்னா? எப்போ சொன்னா? அவங்களுக்கு எப்படித் தெரியும்?" இதற்கு ஒரு பருவம் முழுக்கப் பாடமா?

ஜூலை 10
வீட்டில் நம்பும் ஒரு செய்தியை எடுத்து, அது பிறந்த இடம்வரை பின்னோக்கிப் போக வேண்டும். இதுதான் பயிற்சி. எனக்குத் தேடும் வேலையே இல்லை. அப்பா நாளிதழிலிருந்து வெட்டி ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறாரே: அறுபதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு எழுபத்திரண்டு பேருக்கு ரத்த அழுத்த மாத்திரை பாதி போதுமாம். எட்டு மாதமாகக் காலையில் கத்தியும் கையுமாக உட்கார்ந்து மாத்திரையை இரண்டாக வெட்டுகிறார். அம்மா தலைகீழாக நின்றும் கேட்கவில்லை. இதை எழுதிய மேதாவியை நான் விடப்போவதில்லை.

ஜூலை 14
நாளிதழ் ஒரு புத்தகத்தைக் கைகாட்டுகிறது. புத்தகம் ஓர் இணையதளத்தை. அது இன்னொரு தளத்தை. எல்லோரும் 'ஆய்வு சொல்கிறது' என்கிறார்கள். எந்த ஆய்வு என்று ஒருவரும் சொல்லவில்லை.

ஜூலை 15
கிடைத்துவிட்டது. நான்தான்.

ஜூலை 16
பள்ளி முடித்த விடுமுறையில் ஓர் உடல்நலத் தளத்துக்குப் புனைபெயரில் எழுதினேன். வாரம் ஐந்து கட்டுரை. மறந்தே போயிருந்தேன். "நம்பர் ஏதாவது போடும்மா, அப்பதான் படிப்பாங்க" என்றார் தளக்காரர். போட்டேன். பேருந்தில் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பேருந்தின் எண் எழுபத்திரண்டு. பாதி மாத்திரை? பின் சீட்டில் யாரோ பேசிக்கொண்டு வந்தது. என்னையே கேட்டுக்கொள்கிறேன்: என்னடி பண்ணி வெச்சிருக்க நீ? அப்பா தினம் வெட்டுறது நீ எழுதினதைப் படிச்சுட்டு.

ஜூலை 17
அப்பாவிடம் சொன்னேன். சிரித்தார். "அப்ப பொய் சொன்னவ இப்ப மட்டும் உண்மை சொல்றேன்னு எப்படி நம்புறது?"
அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு, அப்பாவின் மருத்துவச் சீட்டோடு வாசலில் போய் நின்றுவிட்டார்.
டாக்டர் இரண்டு முறை அளந்தார். பிறகு மறு கையிலும் அளந்தார். "இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தா, நீங்க இப்படி உக்காந்து பேசிக்கிட்டிருக்க மாட்டீங்க" என்றார். திரும்பும் வழியில் அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஜூலை 21
கட்டுரையை நீக்கச் சொல்லித் தளத்துக்கு எழுதியிருந்தேன். பதில் வந்தது. இது நாளிதழிலேயே வெளிவந்த தகவலாம். தவறென்றால் ஆதாரம் தர வேண்டுமாம்.
இரண்டு முறை படித்தேன். என் பொய்க்கு இப்போது என்னைவிடப் பெரிய சாட்சி இருக்கிறது.

ஜூலை 26
அப்பா முழு மாத்திரை விழுங்குகிறார். ஃப்ரிட்ஜில் பசைத் தடம் மட்டும் இருக்கிறது.
அவருக்கு வாங்கத்தான் மருந்துக்கடைக்குப் போனேன். எனக்கு முன்னால் ஒரு பெரியவர். "பாதி அட்டை போதும்ப்பா. நூத்துக்கு எழுபத்திரண்டு பேருக்குப் பாதி மாத்திரையே போதுமாம்." கடைக்காரர் கத்தரிக்கோலை எடுத்துவிட்டார்.
"ஐயா, அது பொய்."
பெரியவர் திரும்பினார். "உனக்கு எப்படிம்மா தெரியும்?"
கடையில் இருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சொன்னேன்.