திருச்சிக்குப் போகாத பதினோரு மாதம்

லிந்துலை
14.7.1963

அன்பு மகள் சிவபாக்கியத்துக்கு அம்மா எழுதுவது. மாரியம்மன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் இங்கு சுகமாக இருக்கிறோம், நீயும் கடல் தாண்டி அந்த வெயில் ஊரில் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்கவேண்டும் என்று நாள் தவறாமல் கும்பிட்டு வருகிறேன். உன் கடிதம் போன மாதக் கடைசியில் வந்தது. பதில் எழுதத் தாமதமானதற்கு மழையையும் காற்றையும் சொல்லலாம், பாதையில் மண் சரிந்து ஒரு வாரம் தபாலே மேலே ஏறி வரவில்லை என்பதும் உண்மைதான், ஆனால் அதெல்லாம் காரணமில்லை. எழுதவேண்டியதை எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் இருந்தேன். இதை விடுதிப் பிள்ளைகள் முன்னால் படிக்காமல் எங்காவது தனியாக உட்கார்ந்து படி.

உன் பேராசிரியர் அம்மா உங்கள் எல்லோரையும் அவரவர் குடும்பத்தில் மனநோய் கண்டவர்கள் யார் யார் என்று எழுதிவரச் சொன்னதாகவும், எங்கள் வீட்டில் அப்படி யாரும் இல்லை என்று நீ எழுதிக் கொடுத்துவிட்டதாகவும் எழுதியிருந்தாய். அந்த வரியைப் படித்ததும் கடிதத்தை மடித்து அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்துவிட்டேன். மனம் நொந்தவர்களோடு பேசி அவர்களைத் தேற்றும் படிப்பு என்று நீ சேர்ந்த நாளிலிருந்தே, இது ஒருநாள் வாசலுக்கு வரும் என்று எனக்குத் தெரியும். பாக்கியம், நீ எழுதிக் கொடுத்தது சரியில்லை. உன்மேல் தப்பில்லை, உனக்கு நாங்கள் சொன்னது அப்படி.

உண்மையைச் சொல்லும் தைரியம் எனக்கு எப்படி வந்தது என்பதை முதலில் சொல்கிறேன். கீழ் லயத்து வரிசை வீட்டில் இருக்கிற அழகுமுத்துவின் பெண்சாதி பூரணியை உனக்குத் தெரியும், உன்னோடு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு வரை படித்தவள். அவளுக்குப் போன மாதம் பெண் குழந்தை பிறந்தது. பிறந்த ஒரு வாரத்திலிருந்து அவள் பிள்ளையைத் தொடவில்லை, பால் கொடுக்கவில்லை, சாப்பிடவில்லை, யார் கூப்பிட்டாலும் திரும்பவில்லை. பேய் அடித்துவிட்டது என்று அவள் மாமியார் வீரம்மா கோடாங்கியை வரவழைத்துவிட்டாள். நான் பிள்ளைக்காம்பராவில், கொழுந்தெடுக்கப் போனவர்களின் குழந்தைகளுக்குப் பால் ஊற்றிக்கொண்டிருந்தபோது சத்தம் கேட்டு, அந்த மழையிலேயே கீழே ஓடினேன். பூரணியின் தலைமயிரைக் கையில் சுற்றிப் பிடித்திருந்தார்கள், பிரம்பு தயாராக இருந்தது. அவள் அழக்கூட இல்லை. விடுங்கள் என்று நான் கத்தியதும் வீரம்மா, "ஆயாம்மா, ஒங்களுக்கு இதப்பத்தி என்னா தெரியும், நீங்க ஒதுங்கிக்கங்க" என்றாள். அப்போதுதான் அது என் வாயிலிருந்து வந்துவிட்டது. "எனக்குத் தெரியும். நானும் இப்படித்தான் கெடந்தேன். பதினோரு மாசம் கொழும்புப் பக்கம் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில இருந்தேன். நான் திருச்சிக்குப் போகல" என்று லயத்துச் சனம் முழுக்கக் கேட்கச் சொல்லிவிட்டேன். கோடாங்கி மயிரை விட்டுவிட்டான். நான் பூரணி பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டேன். வெகு நேரம் கழித்து அவள் சுவரைப் பார்த்தபடியே, "ஒங்களுக்கு நல்லாயிருச்சா ஆயாம்மா?" என்று கேட்டாள். நல்லாயிருச்சு, உடனே இல்லை, மெதுவாக என்று சொன்னேன். மறுநாள் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் ஐயா துரையிடம் சொல்லித் தோட்டத்து லொறியில் அவளை நுவரெலியா பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். இன்று போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்து எழுதுகிறேன். பிள்ளையைக் கையில் கொடுத்தபோது வாங்கிக்கொண்டாள். அதன் முகத்தைப் பார்க்கவில்லை, ஆனால் கீழே வைக்கவும் இல்லை.

இனி என் கதை. உனக்கு ஐந்து வயதாக இருந்தபோது உனக்கு ஒரு தம்பி பிறந்தான். பத்தொன்பது நாள் இருந்தான். அவன் போன பிறகு எனக்கு அழுகை வரவில்லை, தூக்கமும் வரவில்லை, பிறகு பேச்சும் நின்றுவிட்டது. உன்னைக் கண்டால் நீயும் செத்துப்போவாய் என்று பயம், அதனால் உன்னைக் கிட்டே வரவிடவில்லை. ஒருநாள் உன்னைத் தள்ளிவிட்டேன், உன் இடது புருவத்தில் இருக்கிற தழும்பு கல்லில் விழுந்தது என்று சொல்லியிருப்பார்கள், அது நான் தள்ளியது. அதற்குப் பிறகுதான் அப்பா என்னைக் கொண்டுபோனார். திருச்சியில் தாய் வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லி வைத்தார். அங்கே நடந்த எல்லாவற்றையும் என்னால் எழுத முடியாது, உனக்கு இப்போது அந்த மாதிரி இடம் எப்படி இருக்கும் என்று தெரிந்திருக்கும். ஒன்று மட்டும் எழுதுகிறேன். சோமாவதி என்று ஒரு சிங்களப் பெண் அங்கே வேலை பார்த்தாள். அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அப்போது சிங்களம் தெரியாது. தினம் வேலை முடிந்து வீட்டுக்குப் போகுமுன் என் கட்டிலில் கொஞ்ச நேரம் வந்து உட்காருவாள். அவ்வளவுதான். மூன்று மாதம் நான் அவளைத் திரும்பிப் பார்க்கவே இல்லை, ஆனால் அவள் வராத நாள் எனக்குத் தெரியும். உன் வார்டில் மூன்று வாரமாக முகம் கொடுக்காமல் படுத்திருக்கும் அம்மாளைப் பற்றி எழுதி, எனக்கு இந்த வேலைக்குத் தகுதியில்லை, படிப்பை விட்டு வந்துவிடட்டுமா என்று கேட்டிருந்தாய். நீ வருவதும் போவதும் அந்த அம்மாளுக்குத் தெரிகிறது மகளே. பாதியில் நிற்காதே.

நான் வெளியில் சொன்னது அப்பாவுக்குப் பெரிய அடிதான். மறுநாள் காலை வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டில் ஆட்கள் அவர் காதுபடவே பேசினார்களாம். உன்னைப் பெண் கேட்டிருந்த கொத்மலைக்காரர்கள் இனி வரவில்லை என்று ஆள் அனுப்பிவிட்டார்கள். ஆறு நாள் அப்பா என்னோடு பேசவில்லை. ஏழாம் நாள் சாப்பிட உட்கார்ந்தவர் தட்டைப் பார்த்துக்கொண்டே, "அன்னிக்கி ஒன்ன அங்க விட்டுட்டு ரயில்ல வரையில பட்டிப்பொலைக்குப் போயி எறங்கினேன், நம்ம ஸ்டேசன் போனதே தெரியல" என்றார். இத்தனை வருடத்தில் அந்த நாளைப் பற்றி அவர் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. பிறகு, "பாக்கியத்துக்கு எழுதிடு, ஊரார் சொல்லி அது தெரிஞ்சுக்கக் கூடாது" என்றார். கொத்மலைச் சம்பந்தம் போனதில் உனக்கு வருத்தமிருந்தால் என்னைத் திட்டி எழுது, நான் வாங்கிக்கொள்கிறேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. பதினோரு மாதம் கழித்து நான் திரும்பி வந்த அன்று நீ, அதுவரை உன்னை வைத்துப் பார்த்துக்கொண்ட ராக்காயி அக்கா வீட்டு வாசலில் இருந்தாய். எனக்கு அங்கே மயிரை ஒட்ட வெட்டியிருந்தார்கள், உடம்பும் வற்றிப்போயிருந்தது. கையை நீட்டினேன். நீ ராக்காயி அக்காவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "பெரியம்மா, இது யாரு?" என்று கேட்டாய். அக்கா அழுதார்கள், அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார், நான் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டேன். நீ கேட்டதில் தப்பே இல்லை. பதில்தான் பதினேழு வருடம் தாமதமாக வருகிறது.

உடம்பைப் பார்த்துக்கொள், வேளைக்குச் சாப்பிடு. பாஸ்போர்ட் தவணை ஆவணியோடு முடிகிறது என்று அப்பா சொல்லச் சொன்னார், மறந்துவிடாதே. எடுத்த படிப்பை நல்லபடி முடித்து, நாலு பேருக்கு ஆறுதலாக நூறு வயது இருக்க ஆசீர்வதிக்கிறோம்.

இப்படிக்கு
உன் அம்மா
நாகலெட்சுமி