உன் பெயருக்கு வந்த நான்கு சிலிண்டர்கள்

மச்சான்,

இன்று காலை உன் பெயருக்குப் பார்சல் வந்தது. உன் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து ஒன்பது நாள்தான் ஆகிறது. லாசாலில் உன் வீட்டு வாசலுக்கு வந்த கூரியர்காரன், பெட்டிக்கு உரியவர்தான் கையெழுத்து வைக்கவேண்டும் என்று அடம்பிடித்திருக்கிறான். அவனை நிற்கவைத்துவிட்டு உன் மனைவி வதனி எனக்கு ரெலிபோன் எடுத்தாள்.

"அண்ணை, இவரின்ர பேருக்கு நாலு பெட்டி வந்திருக்கு. இவர் இல்லையெண்டு இவனுக்கு நான் எப்பிடிச் சொல்லுறது?"

வதனி என்னைவிட நன்றாகப் பிரெஞ்சு கதைப்பாள். அந்த ஒரு வசனம்தான் அவளுக்கு வாயில் வரவில்லை. டோர்வல் விமான நிலையத்தில் பயணப் பெட்டிகள் ஏற்றிக்கொண்டிருந்த நான், மேற்பார்வைக்காரனிடம் ஏதோ உளறிவிட்டு ஓடிவந்தேன். அந்த வசனத்தை நான்தான் சொன்னேன், கையெழுத்தையும் நான்தான் வைத்தேன்.

முதல் பெட்டியை வெட்டித் திறந்தேன், உள்ளே எஞ்சின் சிலிண்டர்; அந்த மணம் குப்பென்று அடித்தது. கறள் பிடிக்காமல் இரும்புக்குப் பூசி அனுப்புவார்களே, அந்த எண்ணெய். எங்கள் எஞ்சின் புத்தம்புதிதாக வந்திறங்கிய அன்று உன் கராஜ் முழுக்க இதே மணம்தான். அன்று நீ எஞ்சினுக்குத் திருநீறு பூசினாய். "டேய், அது அமெரிக்க எஞ்சின்டா" என்று நான் சிரித்தேன். "அப்ப அதுக்கு இன்னும் நல்லாப் பூசவேணும்" என்றாய்.

ஆறு வருடம், மச்சான். இரண்டே இருக்கை கொண்ட ஒரு சின்ன விமானத்தை நாங்கள் இரண்டுபேரும் வேலை முடிந்த நேரங்களில் தகடு தகடாகப் பொருத்தினோம். தகட்டு வேலை தெரிந்த கை உன்னுடையது. ஓட்டுகிற லைசன்ஸ் என்னுடையது. வதனி அதைத் தகரப்பெட்டி என்றாள், கடைசிவரை அதில் ஏறவில்லை. முதல் கோடை முழுக்க நீயும் நானும் ஆற்றுக்கு மேலால் பறந்து திரிந்தோம். இலையுதிர் காலத்தில் உன் நெஞ்சைப் பிளந்து ஒப்பரேஷன் செய்தார்கள்.

அந்தப் பனிக்காலத்தில்தான் நான் என் கெட்டித்தனத்தைக் காட்டினேன். ஊரில் பெற்றோல் தடை இருந்த நாட்களில் மண்ணெண்ணெயை ஊற்றியாவது கிழமைக்கு ஒருதரம் மோட்டார் சைக்கிளை உறுமவைத்தவர்கள் நாங்கள். சும்மா கிடந்தால் எஞ்சின் செத்துப்போகும் என்பது எங்கள் இரத்தத்தில் ஊறிய நம்பிக்கை. ஞாயிறு தவறாமல் ஆற்றுக்கு அப்பால் இருக்கும் எங்கள் விமானக் கொட்டகைக்குப் போனேன். ஹீட்டர் வைத்து எஞ்சினைச் சூடாக்கினேன், வெளியே தள்ளினேன், பத்து நிமிடம் தரையிலேயே ஓடவிட்டேன். மடக்கு போனை விமானத்தின் கண்ணாடி மூடிக்கு வெளியே நீட்டிப் பிடித்தேன். மறுபக்கம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீ.

"கிட்டப் பிடி மச்சான். கிட்டப் பிடி. இப்ப கேக்குது."

பன்னிரண்டு ஞாயிறு. உனக்கு மருந்து கொடுப்பதாகவே நினைத்துக்கொண்டேன். நீயும் ஒவ்வொரு ஞாயிறும் ஒரே கதைதான் சொன்னாய்: "பனி கரையட்டும். ஒருக்கா என்னை ஆத்துக்கு மேலால கொண்டுபோ. ஒருக்காக் காணும், போதும்."

பனி கரைந்தது, நீயும் ஆஸ்பத்திரியால் வந்துவிட்டாய். பறக்குமுன் மெக்கானிக் றெஜானைக் கூப்பிட்டோம். சிலிண்டருக்குள் காற்றை அடைத்து எவ்வளவு நிற்கிறது என்று பார்ப்பது அவர் வழக்கம். காற்று நிற்கவேயில்லை. உஸ்ஸ் என்று போயிற்று. ஒன்றல்ல, நாலிலும். சின்ன விளக்கை உள்ளே விட்டுப் பார்த்தவர், என்னையும் பார்க்கச் சொன்னார். பளபளவென்று இருக்கவேண்டிய சுவரில் மண்ணிறப் புள்ளிகள். கறள்.

"பனிக்காலத்தில் இதைத் தரையில் ஓட்டினீர்களா?" என்று கேட்டார். பெருமையாக ஓம் என்றேன். அவர் தலையில் கைவைத்தார். பத்து நிமிடத்தில் எண்ணெய் போதிய அளவு சூடாகாது, உள்ளே வேர்க்கும், அந்தத் தண்ணீர் போக வழியில்லாமல் அங்கேயே நிற்கும். சும்மா விட்டிருந்தாலே நல்லாய் இருந்திருக்கும் என்றார். நீ கதிரையில் இருந்து என்னையே பார்த்தாய். ஒரு தூஷணமாவது சொல்லித் தொலைத்திருக்கலாம்.

எஞ்சினுக்கு வாரண்டி இருந்தது. சிலிண்டர்களைக் கழற்றி அனுப்பினால் எஞ்சின் கம்பனிக்காரர் சோதித்து மாற்றித் தருவார்கள். விண்ணப்பத்தில் ஒரு கேள்வி: பறக்காமல் தரையில் மட்டும் ஓட்டப்பட்டதா? நான் யோசிக்கவேயில்லை. இல்லை என்ற கட்டத்தில் புள்ளடி போட்டேன்.

"பொய் எழுதாத. நாளைக்கு நாங்கள்தானேடா இதில ஏறப்போறம்."

"ஓம் எண்டு எழுதினா அவன் தரமாட்டான். உனக்குப் பறக்கவேணுமோ, வேண்டாமோ?"

நீ பேனையை வாங்கிக் கையெழுத்து வைத்தாய். தமிழ்க் கடையில் அள்ளிவந்த பழைய பத்திரிகைகளைக் கசக்கி அடைத்து நாலு பெட்டியையும் கட்டினோம். அனுப்பிய ஆறாம் நாள் விடிய நீ எழும்பவில்லை. செத்தவீட்டில் எல்லோரும் உன் நெஞ்சுக் கோளாறைப் பற்றிக் கதைத்தார்கள். எனக்கு ஒரே ஒரு நினைவுதான். அவன் கேட்டது ஒரு பறப்பு, அதையும் நான் என் கையாலேயே கெடுத்துப்போட்டேன்.

இன்றைக்கு அந்தப் பெட்டிக்குள் ஒரு கடிதம் இருந்தது. கம்பனி உனக்கு எழுதியது. அதோடு நீ அவர்களுக்கு எழுதிய கடிதத்தின் பிரதி. நீ கடிதம் எழுதினாய் என்பதே எனக்குத் தெரியாது! பெட்டிகள் போன மறுநாளே எழுதியிருக்கிறாய். உன் கோழிக்கிறுக்கலில் ஆங்கிலம். நான் சுவரோடு சாய்ந்து நின்று வாசித்தேன்.

விண்ணப்பத்தில் இல்லை என்று இருப்பது சரியல்ல, பன்னிரண்டு ஞாயிறும் பத்துப் பத்து நிமிடம் தரையில் ஓடியது, என்று எழுதியிருக்கிறாய். அதற்குக் கீழே: "ஓட்டியது நான். என் அறியாமை. விண்ணப்பத்தை நிரப்பியவர் என் நண்பர், அவர்மேல் பிழையில்லை."

அட கோதாரி விழுவானே! அந்த ஞாயிறுகளில் ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு கிடந்தவன் நீ. உண்மை சொல்லவேண்டும் என்று பேனை எடுத்து, அதற்குள் எனக்காக ஒரு பொய்யைச் செருகி வைத்திருக்கிறாய். வதனி தண்ணீர் கொண்டுவந்து தந்தாள்.

அவர்கள் பதிலைக் கேள். கறள் மேலோட்டமானதாம். சிலிண்டரின் உட்சுவரைத் தீட்டும்போது அவர்கள் பக்கத்தில் அளவு பிழைத்துவிட்டதாம், அதனால் பிஸ்டன் வளையங்கள் முதல் நாளிலிருந்தே சுவரோடு பொருந்தவில்லையாம். "நீங்கள் தரையில் ஓட்டாமல் விட்டிருந்தாலும் இதுவேதான் நடந்திருக்கும்" என்று எழுதியிருக்கிறார்கள். மன்னிப்பும் கேட்டிருக்கிறார்கள். உன்னிடம்.

நாலுதரம் வாசித்தேன். என்மேல் பிழையில்லை என்ற செய்தி என்னைத் தேடி வந்திருக்கிறது. என் பிழை என்று நினைத்துக்கொண்டே அதைத் தன் தலையில் போட்டவனுக்கு அது போய்ச்சேரவில்லை. நான் சந்தோஷப்படவேண்டுமாம் மச்சான், றெஜான் சொல்கிறார். எப்படி என்று அவரைக் கேட்டேன்.

பின்னேரம் கொட்டகைக்குப் போய் எஞ்சின் பதிவுப் புத்தகத்தை எடுத்தேன். இதுவரை எழுதாமல் மறைத்த பன்னிரண்டு ஞாயிறுகளையும் வரிசையாக எழுதினேன். ஓட்டியவர் என்ற இடத்தில் பன்னிரண்டு தரமும் என் பெயர். உன் ஒரு பொய்யை அழித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே.

இரண்டு கிழமையில் புதுச் சிலிண்டர்களைப் பூட்டி முடித்துவிடலாம் என்கிறார் றெஜான். வதனிக்குச் சொன்னேன். அவள் கேட்டாள்:

"அண்ணை, முதல்முதல் ஸ்டார்ட் பண்ணேக்க எனக்கு ஒருக்கா போனில கேக்கவிடுவியளோ? அங்க ஆஸ்பத்திரியில நான்தானே அவரின்ர காதில பிடிச்சுக்கொண்டு நிண்டனான்."

"ஓம் பிள்ளை," என்றேன். "கிட்டப் பிடிக்கிறன்."