சர்க்கரைத் தண்ணீரைத் தொடாத எலிகள்

மார்ச் 4

குழந்தை பிறந்து ஒரு மாதம் ஓடிவிட்டது. வீட்டில் தூக்கம் இல்லை. ஆய்வகத்தில் எலிகளாவது சொன்னபடி கேட்கின்றன. கர்ப்பத்தில் இருப்பதுபோல அவற்றுக்கு ஹார்மோன் ஊசி போட்டு வந்தோம், இன்று நிறுத்தியாயிற்று. பிரசவம் ஆனதும் தாயின் உடம்பில் நடப்பதும் இதுதான் — ஹார்மோன் மளமளவென்று இறங்கிவிடும். மூளையை அமைதியாக வைத்திருக்கும் ரசாயனத் தூதுவனுக்கு அதுதான் பக்கபலம். பக்கபலம் போனால் என்ன ஆகும்? பார்க்கலாம்.

மார்ச் 7

கூண்டுக்கு இரண்டு புட்டிகள். ஒன்றில் வெறும் தண்ணீர், இன்னொன்றில் சர்க்கரைத் தண்ணீர். எந்த எலியும் சர்க்கரையை விடாது. ஹார்மோன் நிறுத்திய எலிகள் அதைச் சீண்டவே இல்லை! மூலையில் சுருண்டு கிடக்கின்றன. நினைத்தது நடந்துவிட்டது. பேராசிரியை எல்லோர் முன்னாலும் பாராட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

கூண்டு கழுவ வந்தவர்களிடம், "சத்தம் போடாதீங்கப்பா, அதுங்களே பாவம்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மார்ச் 8

குழந்தை வீறிட்டு அழுகிறது, மனைவி சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "உலகத்துல நீ ஒருத்திதான் பிள்ளை பெத்தியா?" என்று கத்திவிட்டேன். திருப்பிக் கத்தியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

மார்ச் 10

இன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

மார்ச் 12

மைத்துனி கேக் வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். போகும்போது வாசலில் நிறுத்திச் சொன்னாள்: "அக்கா இனிப்ப தொடவே மாட்டேங்குறா மாமா. சின்ன வயசுல என் பங்கையும் பிடுங்கித் தின்னவ. என்னமோ சரியில்ல. நீங்க கவனிக்கலையா?"

"தூக்கமில்லாத அசதி" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் கூண்டின் சர்க்கரைப் புட்டி கண்முன் வந்து நின்றது.

கடவுளே. சொட்டுச் சொட்டாக அளந்து எலியைப் பார்க்கத் தெரிந்தவனுக்குப் பெண்டாட்டியைப் பார்க்கத் தெரியவில்லை. எலி முன்னால் சத்தம் போடாதே என்றவன் இவளை என்ன கத்து கத்தினேன்! நானெல்லாம் ஒரு மனுஷனா? வெட்கமா இருக்கு. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவ பக்கத்துல போய் உட்காருவேன்?

மார்ச் 13

இவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டார். பிரசவத்துக்குப் பின் வருகிற மனச்சோர்வு, மருந்து இருக்கிறது, குணமாகிவிடும் என்றார். பிறகு கேட்டார்: "முதல்ல இதை யாரு கவனிச்சது?"

நான் வாயைத் திறப்பதற்குள் இவள் சொன்னாள்: "இவர்தான். இவருக்கு இதுதானே வேலை."

குத்திக்காட்டுகிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. "எல்லா வீட்டுலயும் இப்படி ஒருத்தர் இருந்தா நல்லாருக்கும்" என்றார் டாக்டரம்மா. நான் இல்லை என்று சொல்லாமல் மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டேன். உட்கார்ந்த இடத்திலேயே கூனிக்குறுகிப் போனேன்.

ஏப்ரல் 9

கட்டுரை எழுதுகிறேன். 'எலிகள் ஆர்வம் இழந்தன' என்ற வரியைத் தாண்ட முடியவில்லை.

ஏப்ரல் 20

மருந்து வேலை செய்கிறது. இன்று காலை துணியைச் சரியாகப் பிழியவில்லை என்று என்னைத் திட்டினாள். காது குளிரக் கேட்டேன். அந்தத் தைரியத்தில் சொல்லிவிட்டேன்: "அன்னிக்கு கவனிச்சது நான் இல்ல. உன் தங்கச்சிதான்."

குழந்தையின் சட்டையை மடித்துக்கொண்டே இருந்தாள்.

"தெரியும். அவதான் எங்கிட்டயே என்னாச்சுன்னு கேட்டாளே. நீங்க கவனிச்சிருக்கணும்னு எனக்கு ஆசையா இருந்துச்சு. அதான் அப்படிச் சொன்னேன்."

பிறகு குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டுத் தூங்கப் போனாள்.