எட்டாவது கம்பத்துக்கு எந்த மீட்டர்?

சார்,

நேற்று, டி.சி. கரண்டையும் படிக்கிற கிளாம்ப் மீட்டர் ஒன்று வாங்கினேன். கம்பியைக் கழற்ற வேண்டாம், அதன் வாயால் கவ்வினால் போதும், எண் வந்து நிற்கிறது. விற்க வந்தவர் பேசிக்கொண்டிருக்கும்போதே மாடிக்கு ஓடி, கடையின் சோலார் பேனல் கம்பியைக் கவ்விப் பார்த்துவிட்டேன். படித்தது! உங்களிடம் காட்ட வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. நீங்கள் போய் மூன்று வருஷமாகிறது என்பது அப்புறம்தான் உறைத்தது.

எண்பதுகளின் நடுவில், மந்தாரக்குப்பத்தில் ஒயரும் சுவிட்சும் விற்றுக்கொண்டிருந்த நான், காடாம்புலியூர் பக்கம் முந்திரிக்காட்டுக் குடியிருப்பு ஒன்றில் எட்டு சோலார் தெருவிளக்கு நிறுத்தும் கான்ட்ராக்ட் எடுத்தேன். பேனலைச் சர்க்கார் கொடுத்தது. ஒவ்வொன்றையும் அளந்து, எழுதி, ஒப்படைப்பது என் பொறுப்பு. எதை வைத்து அளப்பது? நெய்வேலி டவுன்ஷிப்பில் மீட்டர்களோடு காலம் தள்ளிய உங்களைக் கேட்டிருக்கலாம். மாசச் சம்பளக்காரருக்கு யாவாரம் என்ன தெரியும் என்ற திமிர் எனக்கு. மெட்ராஸ் கடைக்காரரைக் கேட்டேன். மல்டிமீட்டர், கம்பியைக் கவ்விக் கரண்டைப் படிக்கும் டாங் டெஸ்டர், வெயிலை அளக்கும் கருவி என்று மூன்று சொன்னார். முதல் இரண்டையும் வாங்கினேன்.

கம்பத்தில் ஏற்றுமுன் பேனல்களை வெயிலில் சாய்த்துவைத்து அளந்தேன். வோல்டேஜ் எட்டிலும் சரியாக இருந்தது. டாங் டெஸ்டரால் கம்பியைக் கவ்வினேன். முள் அசையவில்லை. எட்டிலும் பூஜ்யம். மறுநாள் என்ஜினீயர் வருகிறார்.

முந்திரி பொறுக்கும் அஞ்சலை இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றிருந்தாள். “இன்னாங்க, நெய்வேலி வெளிச்சம் வானத்துல தெரியுது, எங்க தெருவுக்கு மட்டும் வரமாட்டேங்குதே. கடைசி வளைவுலதான் போன மாசம் எங்க வூட்டுக்காரரைப் பாம்பு கடிச்சுது. அங்கயாவது எரியுமா?”

ஸ்கூட்டரை எடுத்து டவுன்ஷிப்புக்கு விட்டேன். நீங்கள் முதல் ஷிப்ட் முடிந்து குவார்ட்டர்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். “எட்டும் செத்த பேனல் சார், லாரி சொல்லித் திருப்பி அனுப்பப் போறேன்” என்றேன். டாங் டெஸ்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள்.

“என்னவே யாவாரி, பேனலு செத்துட்டா, இல்ல மீட்டரு ஊமையா? இதுல ஏ.சி.ன்னு போட்டிருக்கே, வாசிச்சீரா?”

“கடைக்காரன் கரண்ட் படிக்கும்னான் சார்.”

“பொய்யா சொன்னான்? வீட்டு லைன் கரண்டைப் படிக்கும். பேனல்ல வாறது பேட்டரி மாதிரி ஒரே பக்கமாப் போற டி.சி. கரண்ட். இதுக்கு அது தெரியாது.”

கையைக் கழுவிவிட்டு, அலமாரியிலிருந்து உங்கள் சொந்த டி.சி. அம்மீட்டர் இரண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறினீர்கள். ஒன்று போதாதா என்றேன். “ஓட்டும்வே” என்றீர்கள்.

அம்மீட்டரை முதல் பேனலில் சேர்த்ததும் முள் எழுந்தது. எனக்கு உயிர் வந்தது. ஒவ்வொன்றாக ஏழு வரை படித்தோம். கடைசி வளைவின் எட்டாவது, பாதிதான் காட்டியது.

“வெயில் இறங்குது சார், அதான். வோல்டேஜ் நல்லாத்தானே இருக்கு? மத்ததுக்கு எழுதினதையே எழுதிடலாம்” என்றேன். தப்பென்று மனமறிந்துதான் சொன்னேன்.

“இருக்கலாம். வெயிலா, பேனலான்னு பாத்திருவோம்.” உங்களுக்குக் கோபமே வரவில்லை, கண்ணில் ஆவல்தான் இருந்தது. முதல் பேனலைத் தூக்கிவரச் சொல்லி, எட்டாவதின் பக்கத்தில் ஒரே சாய்வில் வைத்தீர்கள். ஆளுக்கொரு அம்மீட்டர். “நான் சொல்லும்போது ரெண்டு பேரும் சேந்து படிக்கணும். வெயிலை அளக்க மூணாவது கருவி எதுக்குவே? நல்ல பேனல் ஒண்ணு பக்கத்துல இருந்தா அதுவே போதும்.”

சேர்ந்து படித்தோம். வெயில் இறங்கியும் முதல் பேனலைப் படித்த என் முள் நல்ல உயரத்தில் நின்றது. உங்களது அதில் பாதியைத் தாண்டவில்லை. குனிந்து பார்த்தபோது, கண்ணாடிக்கு அடியில், வெயிலைக் கரண்டாக்கும் வில்லைகளில் ஒன்று மயிரிழையாக விரிசல் விட்டிருந்தது.

“ஏத்தினா நாலு நாள் எரியும். அப்புறம் பேட்டரி நிரம்பாது. அந்தம்மா இருட்டுலதான் நடப்பா” என்றீர்கள். நான் ஒப்படைப்புச் சீட்டில் அளந்ததை அப்படியே எழுதினேன்.

மறுநாள் என்ஜினீயர் ஏழு விளக்கை ஏற்றுக்கொண்டார்; எட்டாவதுக்கு மாற்றுப் பேனல் வர ஒரு மாசமாகும் என்றார். அஞ்சலை விடவில்லை. “அதுவரைக்கும் அந்த வளைவுல நான் இன்னா பண்றது? உங்க மீட்டரையா புடிச்சிக்கினு நிக்கறது?”

என்ஜினீயர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அங்கேயே அந்தச் சீட்டின் அடியில் ஒரு வரி சேர்த்துக் கையெழுத்துப் போட்டேன். இன்றுவரை நான் கொடுக்கும் ஒவ்வொரு கொட்டேஷனிலும் அது இருக்கிறது. ஆள் புரியாமல் கேட்டால் உங்களைப் பற்றிச் சொல்கிறேன். அந்த வரி இதுதான்: “மாற்றுப் பேனல் வந்து, அளந்து, விளக்கு எரியும்வரை, அந்தக் கம்பத்தில் தினமும் பொழுது சாய்ந்ததும் பெட்ரோமாக்ஸ் ஏற்றப்படும். விளக்கும், மண்ணெண்ணெயும், ஏற்றுகிற ஆள் கூலியும் என் பொறுப்பு.”