ஒன்றும் ஆகாது என்று சொன்னேன்

இன்று காலை கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் கழுத்துக்கு ஸ்கேன் எடுத்தார்கள். முடிந்ததும் அங்கிருந்த பெண் ஒரு காகிதத்தைக் கொடுத்து, "தொடச்சுக்கங்க" என்றாள். ஸ்கேனுக்காகக் கழுத்தில் தடவிய குளிர்ந்த பசை காகிதத்தில் துடைத்தால் போகவில்லை. நீ இருந்தால் பையிலிருந்து வெள்ளை பனியன் வேஸ்ட் துணி எடுத்து நீட்டியிருப்பாய். மெஷின் துடைக்கக் கம்பெனியில் கொடுப்பதைத் துவைத்து மடித்து, எனக்கொன்று உனக்கொன்று என்று கொண்டு வருவாய். இன்று முந்தானையால் துடைத்துக்கொண்டு டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

"ரத்தத்துல நோயைக் காட்டுற அளவு கொஞ்சம் ஏறியிருக்கு. கழுத்துல சின்னதா ஒரு நெறிக்கட்டு தெரியுது. நோய் திரும்பிருச்சுன்னும் சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது. மூணு மாசம் கழிச்சு மறுபடியும் பாக்கலாம்."

உனக்குச் சொன்ன அதே வார்த்தைகள்.

இதே ஆஸ்பத்திரியில்தான் உன்னைப் பார்த்தேன். பார்த்தேன் என்பதுகூடச் சரியில்லை. இருவருக்கும் புற்றுநோய் வந்த தைராய்டு சுரப்பியை எடுத்துவிட்டு, கதிரியக்க மருந்து கொடுத்து, பக்கத்துப் பக்கத்து அறையில் தனியாக அடைத்திருந்தார்கள். சாப்பாட்டையும், எச்சில் ஊறச் சப்பச் சொன்ன எலுமிச்சம்பழத்தையும் கதவருகே வைத்துவிட்டு, கதிர் படுமென்று நர்ஸ் ஓடிவிடுவாள். முதல் நாள் நீதான் சுவரைத் தட்டினாய். சத்தம் போட்டு என் போன் நம்பரைக் கேட்டு வாங்கினாய்.

"யக்கா, எலுமிச்சம்பழத்தச் சப்பிச் சப்பிப் பல்லெல்லாம் கூசுது. உங்களுக்கும் அப்படித்தான் இருக்கா?"

தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள் நீ. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. நான் திருப்பூர் ராயபுரத்துக்காரி. திருப்பூரிலேயே பல வருஷம் இருந்தும் சந்திக்காத இருவர், சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக மூன்று நாள் பேசித் தீர்த்தோம். பிறகு ஒவ்வொரு பரிசோதனைக்கும் ஒரே பஸ்ஸில் போனோம்.

அடுத்த வருஷம் எனக்குத்தான் முதலில் சந்தேகமான ரிசல்ட் வந்தது. மூன்று மாதம் சோறு இறங்கவில்லை. மறுபடி பார்த்தபோது அளவு தானாகவே இறங்கியிருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு நீ அழுதாய்.

அதற்கடுத்த முறை உனக்கு வந்தது. அதே வாசலில் நின்று கேட்டாய்.

"யக்கா, உண்மையச் சொல்லுங்க. இதுல ஏதாச்சும் இருக்குமா?"

எனக்கு என்ன தெரியும்? ஆனால் தெரிந்தவள் மாதிரிச் சொன்னேன். "பயப்படாத கண்ணு. எனக்கும் இப்படித்தான வந்துச்சு? ஒண்ணும் ஆகாது."

உன் முகம் தெளிந்ததைப் பார்த்து எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மூன்று மாதம் முடிந்து போன் செய்தேன். "ஷிப்மெண்ட் நேரம்க்கா, லீவு தர மாட்டேங்காக. உங்களுக்குச் சரியான மாதிரி எனக்கும் சரியாயிரும்லா" என்றாய். "செரி கண்ணு, முடிச்சுட்டுப் போயிக்கலாம்" என்றேன். நேரில் வந்து இழுத்துக்கொண்டு போயிருக்கலாம். ராயபுரத்திலிருந்து மங்கலம் ரோட்டில் நீ இருந்த லைன் வீட்டுக்கு எவ்வளவு தூரம்? ஒரு ஷிப்மெண்ட் முடிந்து இன்னொன்று வந்தது. இருமல் வந்தபோது பஞ்சுத் தூசி என்று நினைத்தாய். கம்பெனியில் இருமாதவர்கள் யார்? நானும் அப்படித்தான் நினைத்தேன். கடைசியில் உன் வீட்டுக்காரர் கூட்டிக்கொண்டு போனபோது நுரையீரல் இரண்டிலும் பரவியிருந்தது.

சீக்கிரம் போயிருந்தால் பிழைத்திருப்பாயா என்று பிறகு டாக்டரிடம் கேட்டேன். "சொல்ல முடியாதுங்கம்மா" என்றார். அதிலும் ஒரு முடிவு கிடைக்கவில்லை.

உன்னைப் பார்க்க நான் கடைசியாக வந்தபோது உனக்குக் குரல் போயிருந்தது. உன் வீட்டுக்காரர் காபி வாங்கக் கடைக்குப் போயிருந்தார். சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்தேன்.

"நாந்தான் கண்ணு உனக்கு அப்படிச் சொன்னேன். என்னாலதான் நீ போகாம இருந்துட்ட."

நீ தலையை அசைத்தாய். பக்கத்தில் வரச் சொல்லி, காற்றாக வந்த குரலில் சொன்னாய்: "நீங்க சொன்னதுனால கொஞ்ச நாளு நல்லாத் தூங்குனேன்க்கா."

மன்னித்தாயா, நடந்ததை மட்டும் சொன்னாயா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எட்டாம் நாள் நீ இல்லை.

இன்று டாக்டரைப் பார்த்து வெளியே வந்து உட்கார்ந்தபோது பக்கத்து நாற்காலியில் ஒரு பெண், உன் வயதுதான். கழுத்துத் தழும்பு இன்னும் சிவப்பாக இருந்தது. கையில் ரிசல்ட். என் தழும்பைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"ஏனுங்க்கா, மூணு மாசங்கழிச்சு வரச் சொல்றாங்க. ஒண்ணும் இருக்காதுங்களா?"

"தெரியலீங்க கண்ணு. எனக்கும் இன்னைக்கு அப்படித்தான் சொல்லியிருக்காங்க. ஒரு நாளும் தள்ளிப் போடாதீங்க. தனியா வர பயமா இருந்தா நானும் வரேன்."

அவள் முகம் வாடிப்போனது. நம்பர்கூட வாங்கவில்லை. சிறிது நேரம் கழித்து எழுந்து வேறு நாற்காலிக்குப் போய்விட்டாள்.

ஒன்றும் ஆகாது என்ற சொல் எனக்கும் வாய்வரை வந்ததுதான். யாராவது எனக்கு அதைச் சொல்ல மாட்டார்களா என்று நானும்தான் ஏங்குகிறேன். ஆனால் அந்தச் சொல் வாய்க்கு வரும்போதெல்லாம் வாசலில் தெளிந்த உன் முகம் கூடவே வருகிறது. விழுங்கிவிடுகிறேன்.