பலகைத் தரையும் அம்மாவின் பொல்லும்

என் பொய்களுக்கெல்லாம் வாய் திறக்காமல் உடந்தையாக இருந்த என் செல்ல அம்மாவுக்கு,

உங்கள் முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அடிக்கிறோம். ரொறன்ரோவிலிருந்து வந்து நிற்கிற அக்கா, "நீதானே கடைசிவரைக்கும் அம்மாவோட இருந்தனி, கடிதத்தை நீயே எழுது" என்று என்னிடம் தள்ளிவிட்டார். ஓம், இருந்தவன் நான்தான். அதனால்தான் எழுதக் கை வரவில்லை.

வெள்ளவத்தை வாடகை வீட்டிலிருந்து எங்களை எழும்பச் சொன்ன பிறகு எத்தனை வீடு ஏறி இறங்கினோம், ஞாபகமிருக்கிறதா? வயதான ஆள் இருக்கிறார் என்றதும் எல்லாருக்கும் முகம் மாறியது. செத்தவீடு நடந்தால் பிறகு ஒருவரும் வாடகைக்கு வரமாட்டார்களென்று ஒருவர் வாய்விட்டே சொன்னார். அவரை நன்றாக ஏசிவிட்டு வந்தேன். அடுத்த இடத்தில் பொய் சொன்னேன்.

அதுதான் இந்த நுகேகொடை மேல்மாடி. வீடு முழுக்கப் பலகைத் தரை, கண்ணாடி மாதிரி மினுக்கம். கீழே குடியிருக்கிற வீட்டுக்காரி கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்த கத்தோலிக்கப் பெண்மணி. "எத்தன பேர் தம்பி?" என்று கேட்டார்.

"நானும் மனிசியும்தான். அம்மா யாழ்ப்பாணத்திலயிருந்து இடைக்கிடை வந்து போவா."

நீங்கள் அப்போது வாசலில் ஓட்டோவுக்குள் இருந்தீர்கள்.

குடிவந்த மூன்றாம் நாளே நீங்கள் ஊன்றி நடக்கிற பொல்லை வாங்கி அலுமாரிக்குப் பின்னால் வைத்தேன். "டொக்கு டொக்கெண்டு கீழ கேக்குது அம்மா. சுவரைப் பிடிச்சு நடவுங்கோ." "ஓம் ராசா, எனக்கென்ன, சுவர் இருக்குத்தானே" என்றீர்கள். ஒரு வார்த்தை ஏசியிருக்கலாமே! ஏன் அம்மா ஏசவில்லை?

சுவர் முடிகிற இடத்துக்கும் குளியலறைக் கதவுக்கும் நடுவில் பிடிக்க ஒன்றுமில்லாமல் நாலு அடி கிடந்தது. அங்கேதான் வழுக்கி விழுந்தீர்கள். இடுப்பெலும்பு முறிந்தது, ஆஸ்பத்திரியில் நெஞ்சில் சளி கட்டியது, பதினோராம் நாள் போய்விட்டீர்கள். தலைச்சுற்றில் விழுந்ததாக எல்லாருக்கும் சொன்னேன். அக்காவுக்கும் அதையேதான் சொன்னேன். என் மனைவிக்கு மட்டும் உண்மை தெரியும்.

உங்கள் செத்தவீட்டை வெளியே மண்டபத்தில் நடத்தியதால் கீழே ஒன்றும் தெரியவில்லை. அக்கா சொல்லித்தான் அறிந்து, நேற்றுக் காலை வீட்டுக்காரி மேலே வந்தார். "எங்கிட்ட ஏன் தம்பி மறைச்சீங்க? வயசானவங்க இருக்காங்கன்னு எனக்குத் தெரியும்தானே. கம்பு சத்தம் கேட்டுச்சே. தலைக்கு மேல ஆள் நடக்கிறது தனியா இருக்கிற எனக்குச் சந்தோசமா இருந்துச்சு. பொறகு சத்தத்தக் காணோம். ஊருக்குப் போயிட்டாங்கன்னு நெனச்சேன்."

ஐயோ அம்மா! அவர் இறங்கிப் போனதும் அந்தத் தரையிலேயே குந்தியிருந்து அழுதேன். ஆருக்குப் பயந்து நான் உங்களை அப்படி நடக்கவிட்டேன்?

அச்சகத்துக்கு இன்று பின்னேரம் கடிதம் போக வேண்டும். "இதையெல்லாம் ஏன் மலரில போடுறியள்? சனம் என்ன கதைக்கும்?" என்று மனைவி கேட்கிறாள். சனம் கதைக்கட்டும். ஆனால் அக்கா இதை அச்சில் பார்த்து அறியக்கூடாது. அவர் இப்போது குசினியில் உங்கள் படையலுக்குச் சாமான் பார்த்துக்கொண்டிருக்கிறார். இந்தத் தாளோடு போய் அவருக்கு முன்னால் நின்று, முதல் வரியிலிருந்து வாசிப்பேன். அவர் அழுதாலும் அடித்தாலும் இடையில் நிறுத்தமாட்டேன், அம்மா. இது சத்தியம்.

இப்படிக்கு,
உங்களை விழுத்திய கடைசி மகன்